கம்சிகா சொன்ன புத்தகம்

சிறுவர் இலக்கிய விருதின் இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து புத்தகங்களையும் சிறுவர் இல்லத்துப் பொறுப்பாளர் தயாளினி மேசையில் பரப்பினார்.

"எல்லாம் வாசிச்சிட்டீங்கள்தானே? எதுக்குப் பரிசு கிடைக்கும்? சொல்லுங்கோ பாப்பம்."

யானைக் கதை, மீன் கதை என்று பிள்ளைகள் ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். பத்து வயதுக் கம்சிகா மட்டும், மகளைச் சைக்கிளில் ஏற்றி ஊரெல்லாம் காட்டும் ஓர் அப்பாவின் கதையைத் தொட்டாள்.

"இதுக்குத்தான் மிஸ்."

மறுநாள் கிளிநொச்சியில் நடந்த விழாவை எல்லோரும் தயாளினியின் கைபேசியில் பார்த்தார்கள். அந்தப் புத்தகமே வென்றது. எழுத்தாளர் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். எங்கோ பார்த்த முகம் போலிருந்தது தயாளினிக்கு.

"இது கதையில்லை. நானும் என் மகளும் வாழும் வாழ்க்கை" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தயாளினியும் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பிடிப் பிள்ளை அவ்வளவு நிச்சயமாச் சொன்னனீ?"

கம்சிகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ர அப்பா என்ன கதை சொன்னாலும் ஆக்கள் நம்புவினம் மிஸ். எனக்கு அம்மா அப்பா இல்லை, தான் மாமா எண்டு நாலு வருசத்துக்கு முன்னம் அவர் சொல்ல, நீங்களும் நம்பித்தானே என்னை இஞ்ச எடுத்தனீங்கள்?"