கோடிட்ட இடம்

முழங்காலில் நின்றால் அவளுக்குத் தூக்கம்தான் வரும்.

தேங்காய் துருவும்போதுதான் செபம் வரும். இன்று மூடி முடிந்தும் கை நிற்கவில்லை. வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள்.

மகள் நாளைக் காலை கன்னியர் மடத்துக்குப் போகிறாள். சம்மதக் கடிதம் தகப்பனுக்கு ஒரு தாள், தாய்க்கு ஒரு தாள். அவர் தன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவளுடையது மேசையில் அப்படியே கிடக்கிறது.

ஒரு வாரமாக ஆண்டவரிடம் கேட்கிறாள். அனுப்பவா, வேண்டாமா?

வேண்டாம் என்று நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு லேசாகிவிடுகிறது. அப்பாடா என்றிருக்கிறது. அதையே ஆண்டவர் தரும் சமாதானம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

ஆனால் அவளும் பத்தொன்பது வயதில் அதே மடத்தில் பதினொரு மாதம் இருந்தவள். அவசரமாக வருகிற நிம்மதியை இன்னொரு தடவை பார் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பார்த்தாள்.

விடியுமுன் நாலரைக்கு மணி அடிக்கும். கோயில் தரை பாதத்தில் சில்லென்று ஏறும். சாப்பிடும்போது பேசக் கூடாது. பேசக் கூடாது என்பதாலேயே சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். பிறகு இரண்டு பேர் சேர்ந்து பதினாறு தட்டுகளை வாய் திறக்காமல் கழுவுவார்கள். ஒருத்தி கழுவுவாள், ஒருத்தி துடைப்பாள். அப்படி ஒரு அமைதி அதற்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவே இல்லை.

அவளுடைய தகப்பனாருக்குப் பக்கவாதம் என்று தந்தி வந்தது. ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

கட்டிக்கொண்டவர் தங்கமான மனுஷன். பிள்ளையும் நல்ல பிள்ளை. ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகு எதற்கு இந்தக் குமைச்சல்?

பிள்ளையைப் பிரிகிற துக்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போதுதான் அதற்குச் சரியான பேர் தெரிந்தது.

பொறாமை.

பெற்ற மகள்மேலேயே.

வெட்கமாக இருந்தது. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்தபோது உள்ளே ஏதோ அடங்கியிருந்தது. இந்த நிம்மதி மெல்லத்தான் வந்தது. வந்து, போகாமல் இருந்தது.

முகம் கழுவிவிட்டு மேசைக்குப் போனாள்.

'என் மகள் ................ துறவற வாழ்வில் சேர முழுமனதுடன் சம்மதிக்கிறேன்.'

கோடிட்ட இடத்தில் பேரை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகளிடம் நீட்டினாள்.

மகள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"அம்மா, இது உனக்க பேருல்லா."

பெனிற்றா என்று இருக்கவேண்டிய இடத்தில் அமலோற்பவம் என்று இருந்தது. அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

அவள் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, அச்சில் இருந்த எல்லா வார்த்தைகளையும் கையாலேயே எழுதினாள். முழுமனதுடன் என்பதையும் எழுதினாள். இந்தத் தடவை மகளின் பேர்.

பழைய தாளைக் கிழிக்கக் கை நீட்டினாள்.

மகள் கொடுக்கவில்லை. அதை நான்காக மடித்து, பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்து மூடினாள்.