பாய்லரில் அழுத்தம் இல்லை

லீட்ஸ் நகரத்துக் குளிரில், விடிந்ததும் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் படுத்துவிட்டது. மூன்று நாள் தங்க வந்து மூன்று வாரமாகிவிட்ட மாமியார் பெரில், கோட்டும் தொப்பியுமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளிர்ல நீங்க ஏன் கஷ்டப்படணும் அத்தை? உங்க வீட்ல கொண்டு விட்டுடறேன்" என்று உருகினான் கிளைவ்.

"அம்மா எங்கேயும் போகக் கூடாது! அதான் மெக்கானிக் வந்தாச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள் அவன் மனைவி ஹேசல்.

மெக்கானிக் டங்கன் வீடு முழுக்கச் சுற்றி, பாய்லர் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைப் பார்த்துவிட்டு வந்தார். "பாய்லர்ல தண்ணி அழுத்தம் சுத்தமா இல்லை சார். கசிவும் கிடையாது. யாரோ ரேடியேட்டர் திருகைத் திறந்து தண்ணியை வடிச்சிருக்காங்க."

கிளைவுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. அவரை ஓரமாக இழுத்துப்போனான்.

"அண்ணே, ஹால்ல இருக்கறதை நான்தான் திறந்தேன். என் பொண்டாட்டிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

"ஹால் சரி. மாடியில உங்க மாமியார் ரூம்லயும் திறந்திருக்கே?"

கிளைவ் திரும்பினான். கட்டிய பெட்டியோடு பின்னால் நின்றிருந்தார் பெரில்.

"எனக்கு வேற வழி தெரியலை மாப்ளே, உங்க பொண்டாட்டி விட்டாத்தானே!" என்று கிசுகிசுத்தவர், டங்கன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஸ்பேர் பார்ட் வர ஒரு மாசம் ஆகும்னு சொல்லிடுப்பா!"