புது மெஷின் எந்த ஊருக்கு?

ஓணத்துக்குள் புது சிப்ஸ் மெஷின் வாங்கியாக வேண்டும். தன் இரண்டு சிப்ஸ் ஆலைகளில் எதில் போடுவது என்பதுதான் குத்தாலிங்கத்துக்கு மண்டைக் குடைச்சல்.

இலத்தூர் ஆலையைப் பார்க்கும் மகன் ரவி, "புளியறையில போடுங்கப்பா" என்றான். புளியறையைப் பார்க்கும் மருமகனோ, "இலத்தூர்லயே போடுங்க மாமா" என்றார்.

அடித்துக்கொள்ள வேண்டியவர்கள் இப்படி விட்டுக்கொடுக்கிறார்களே! எண்ணெயில் கை வைக்கிறார்களோ? எண்ணெயை அளந்து ஊற்றும் புது மெஷின் வந்தால் குட்டு உடைந்துவிடுமோ?

"ரெண்டு பேரும் என்னமோ மறைக்காவ, உமா" என்று மனைவியிடம் பொருமினார்.

"ஒண்ணும் மறைக்கல. புது மெஷின் எங்க வந்தாலும், பக்கத்துல நாற்காலியப் போட்டு வருசம் பூரா நீங்க உக்காந்துக்கிடுவியள்லா? அதுக்குத்தான் பயப்படுதாவ."

குத்தாலிங்கத்தின் முகம் சுருங்கியது. "அப்போ இங்கன, நம்ம வீட்டுக்குப் பின்னாலயே போட்டுருதேன்."

உமா மகேஸ்வரி பதறிவிட்டாள்.

"ஐயையோ! ரெண்டு ஊர்லயும் ஒவ்வொண்ணு வாங்கிப் போடுங்க!"