கொசுவின் இறக்கை

ஹைத்தியின் கேப் ஹைத்தியன் நகரப் பள்ளி முற்றத்தில் நண்பகல் வெயில். பிரெஞ்சுப் படையை அடிமைகள் வென்ற நாளுக்கான நாடக ஒத்திகை நடக்கிறது. ரோஸ்லாந்த் தைத்த கொசு இறக்கைகள் கம்பியில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. நூலைச் சுண்டினால் படபடக்கும். அவள் மகள் கொசுவாகப் பறந்து தொடத்தொட, பிரெஞ்சுச் சிப்பாய்கள் மஞ்சள் காய்ச்சலில் சுருண்டு விழுகிறார்கள். அடிமை வேடமிட்ட பிள்ளைகள் அட்டை அரிவாளால் முதுகைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள்.

“எல்லாரையும் கொசுவே கொன்னுட்டா இதுங்க எதுக்கு நிக்குது, வாத்தியாரே?” என்கிறாள் ரோஸ்லாந்த்.

“பாடப்புத்தகத்துல அப்படித்தாம்மா போட்டிருக்கு.”

“எழுதினவன் தோத்தவனோட பேரனா?”

மகளை இழுத்து நிறுத்தி, நூலைக் கத்தரிக்கிறாள். இறக்கைகள் தொங்குகின்றன.

“கொசுவுக்கு இன்னிக்குக் காய்ச்சல். எழுந்திருங்கடா சிப்பாய்களா, நம்ம பிள்ளைங்க வர்றாங்க.”