பதினொன்றேகால் வரை

ஆம்பூர் தாண்டியதுமே அம்பிகாவின் இடது தொடை மரத்துப்போனது. மடியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலும் அவளுடைய தாலிச்சரடை விரலில் சுற்றிப் பிடித்திருந்தான். லேசாக விடுவிக்கப் பார்த்தாள். பிடி இறுகியது.

கண்டக்டர் வந்து நின்றார். "பையனுக்கு இன்னா வயசு?"

"நாலு இருக்கும்."

"இருக்கும்னா? எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அஞ்சு ஆயிட்டா அரை டிக்கெட்டு போடணும், தெரியுமில்ல?"

"நாலுக்கு மேல இருக்காதுங்க. மூஞ்சியப் பாருங்க."

கண்டக்டர் மூஞ்சியைப் பார்க்கவில்லை, சீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார். பின்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். வேலூருக்கு ஒரு டிக்கெட்டை அவள் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஜாஸ்மின் காத்திருந்தாள். ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். கல்யாணமாகி ஜாஸ்மின் ஓசூர் போய் எட்டு வருஷம் ஆகிறது. கடைசியாகப் பார்த்து நாலு வருஷம். நேற்று ஒரு கல்யாணத்துக்காக வேலூர் வந்தவள், பதினொன்றேகால் பஸ்ஸில் ஊர் திரும்புகிறாள்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளைகள் வரக் கூடாது. கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டும். பேச்சை யாரும் நடுவில் வெட்டக் கூடாது.

மாதனூர் தாண்டியதும் போன் அடித்தது. பையன் அசையாதபடி எடுத்தாள்.

"புள்ளைங்கள வுட்டுட்டு வந்தியா, இல்லியா?" ஜாஸ்மினின் குரல் பக்கத்து சீட்டுக்கும் கேட்டது.

"வுட்டுட்டேன்டி."

"சத்தியமா?"

"சத்தியமா."

பக்கத்து சீட்டில், மாதனூரில் ஏறிய பர்தா போட்ட அம்மாள் சிரித்தாள். "மடியிலயே வெச்சினு சத்தியம் பண்றியேமா. அல்லா பாத்துனு இருக்கான்."

அம்பிகா போனைப் பையில் போட்டாள்.

"நானும் மூணு பெத்தவதான். கக்கூஸ் போனாக்கூட கதவாண்ட வந்து நிப்பானுங்க. ஒரு எடத்துக்கு நிம்மதியா போக முடியாது, பேஜாரு."

"இப்போ?"

"இப்போ பெருசாயிட்டானுங்க. கூப்ட்டாலும் வர்றதில்ல."

பள்ளிகொண்டா அருகே பஸ் நின்றது. முன்னால் ஆலைக்குப் பச்சைத்தோல் ஏற்றிப்போன ஒரு லாரி பஞ்சராகி ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். உள்ளே வெந்தது. பையனின் எச்சில் அவளுடைய புதுப் புடவையில் உள்ளங்கை அளவுக்குப் படர்ந்தது. பத்து மணி பத்தேகால் ஆனது. பத்தரையும் ஆனது.

அம்பிகா திரும்பிப் பின்னால் பார்த்தாள். மறுபடி முன்னால் பார்த்தாள். லாரி அங்கேயேதான் நின்றது.

பஸ் வேலூருக்குள் நுழைந்தபோது பத்து ஐம்பத்தைந்து. கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்தது. பர்தா அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எழுப்புமா அவன. தோள்ல போட்டுக்கோ."

"முழிச்சா அழுவான்கா. சத்தம் போடுவான்."

"அழுவட்டுமே. புள்ளைங்க அழுவாம வேற யாரு அழுவாங்க?" அம்மாள் பையனின் உள்ளங்காலை ஒரு விரலால் வருடிவிட்டு இறங்கிப் போனாள்.

டிரைவரும் கண்டக்டரும் முன்வழியாக இறங்கி டைம் ஆபீஸ் பக்கம் நடந்தார்கள். போகிற போக்கில் கண்டக்டர் குரல் கொடுத்தார். "இதே வண்டிதான் பதினொன்னரைக்குத் திரும்புது. சீக்கிரம் எறங்குமா."

அம்பிகா எழ முயன்றாள். தொடை சொன்னதைக் கேட்கவில்லை. சரடு இழுத்தது. கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். பின்னால் ஒருமுறை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது.

"எங்கடி இருக்க? மணி இன்னா ஆவுது?"

"பஸ்ஸுலதான். எறங்க முடியல."

"எறங்க முடியலயா? எந்த பஸ்ஸு?"

பதினொன்று அடிக்கும்போது ஜாஸ்மின் பஸ்ஸில் ஏறினாள். கொஞ்சம் பருத்திருந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தவள், மடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதுதான் உன் சத்தியமா?"

"உக்காருடி மொதல்ல."

"நான் உக்கார மாட்டேன். எனக்கும் ரெண்டு கெடக்குது, ஓசூர்ல. வரும்போது சின்னது கேட்டைப் புடிச்சினு கத்துது. மனச கல்லாக்கினு வரல நான்? நீ மட்டும் இவன மூட்டையாட்டம் தூக்கினு வந்துட்ட." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "நாலு வருஷம் கழிச்சிப் பாக்கறோம். மிச்சம் கால் மணி நேரம். எழுப்பு இவன. நடந்து வரட்டும்."

அம்பிகா அவளுடைய கையைப் பற்றி இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு தொட்ட கை. அதை விடவில்லை.

"மெதுவா பேசுடி, கூட்டத்துல இவன என் மடியில குடுத்த இவன் அம்மா கடைசி சீட்டுல தூங்கினு இருக்கா."