சாயங்கால அறை

ரஃபீக்கின் பைக் தினமும் சாயங்காலம் ராஜபாளையத்து லாட்ஜ் ஒன்றின் வாசலில் நிற்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது நாஜியா நம்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை முடிந்து அவள் வீடு திரும்பிய பிறகும் அவன் வந்திருக்க மாட்டான். கேட்டால், "மில்லுல வேலை ஜாஸ்தி" என்பான்.

இன்று, தங்களோடு இருக்கும் தன் அம்மாவிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்கே வந்துவிட்டாள்.

"நான் ரஃபீக்கோட சம்சாரம். அவர் கூட யாரு வருவா?"

மேனேஜர் காசிராஜன் விழித்தார். "யாரும் வாரதில்லம்மா. வேலைக்குப் போறவிய செத்த நேரம் தூங்கி எந்திரிக்கத்தான் சாயங்காலம் ரூம் விடுதோம்."

சொந்த வீடு பக்கத்தில் இருக்க, இங்கே எதற்குத் தூங்க வேண்டும்? ஒன்றும் புரியாமல் மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

சிவந்த கண்களோடு ரஃபீக் திறந்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"வீட்ல தூங்க முடியாதபடிக்கு நான் என்னங்க செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. ராத்திரியில நான் தூங்குறதில்ல, நாஜியா."

"ஏன்?"

"ஒங்கம்மா பகல்ல நல்லாத்தான் இருக்காவ. ராத்திரியானா எல்லாம் மறந்து போகுது. நீ தூங்குன பொறவு கதவத் தொறந்து தெருவுக்குப் போயிருதாவ. விடியிற மட்டும் நான்தான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுருவே."

அவன் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"படுங்க. இன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட நான் இருக்கேன். நாளைக்கு வேலைக்கும் போவேன்."