மாடி வீட்டுக்காரர் சொன்ன கடை

மகனுக்குப் பெண் தரப்போகிறவர்களை எங்கே சாப்பிடக் கூட்டிப்போவது என்று கீழ்வீட்டு அக்காவுக்கு ஒரே குழப்பம். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தவரைக் கேட்டாள்.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி சின்னக் கடை ஒண்ணு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்க்கா. காபின்னா கோர்ட்டுக்கு எதிர்க்கடை."

"முகப்பெல்லாம் கண்ணாடியா இருக்கே, அந்தப் பெரிய ஓட்டல்?"

"அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க."

நம்பிப் போனாள். வருங்காலச் சம்பந்தியம்மா இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. திரும்பியதும் நேராக மாடியேறினாள்.

"ஊர்ல ஒரு கடை விடாம சாப்பிட்டிருக்கீங்க போல, தம்பி."

"ஒண்ணுலயும் சாப்பிட்டதில்லக்கா. நான் சுகாதார ஆய்வாளர். சமையல்கட்டை மட்டும் பார்த்துட்டு வந்துடுவேன்" என்றவர், கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"ருசி எப்படிக்கா இருந்துச்சு?"